வல்லை வெளியில் அடித்த ஹோன்

தம்பி,

மகனே என்று தொடங்கிப் பார்த்தேன், வேறு யாருக்கோ எழுதுவது போல இருந்தது. நம் வீட்டில் பெற்ற பிள்ளையையும் தம்பி என்றுதானே கூப்பிட்டுப் பழக்கம், அப்படியே இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கதைக்க ஆளில்லாத வலி. நீ கொழும்பில் இருந்து தினமும் கோல் எடுக்கிறாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "சாப்பிட்டாச்சோ", "ஓம் சாப்பிட்டன்" என்பதற்கு அப்பால் நம் கதை நகர்வதில்லை. நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்துக்குச் சிக்னல் போகாது.

அடுத்த மாதம் ரூபனின் ஆட்டைத் திவசம் வருகிறது. உன்னோடு பாலர் வகுப்பில் இருந்து ஒரே வாங்கில் இருந்து படித்து, உன்னோடு ஒன்றாக மோட்டார் சைக்கிள் வாங்கி, நம் வீட்டுக் குசினிக்குள் கேட்காமலே நுழைந்து சட்டியைத் திறந்து பார்த்த பிள்ளை போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திவசத்துக்கு வருவாயா என்று கேட்டதற்கு "லீவு இல்லை அம்மா" என்றாய். நீ லீவு கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் உன்னைப் பெற்றவள், உன் மனேஜர் இல்லை.

சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன், நான் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்புக்கில் நீ நடத்தும் மோட்டார் சைக்கிள் குழுவில் செம்பரத்தம்பூப் படம் போட்ட ஒரு உறுப்பினர் இருக்கிறார். யார் என்ன படம் போட்டாலும் லைக் போடுவார், ஒரு சொல்லும் எழுதமாட்டார். ஒருநாள் நீயும் ரூபனும் அதைப் பார்த்து, "உது ஆரோ பெடியன் பொம்பிளைப் பேரிலை ஒளிச்சிருக்கிறான்" என்று சிரித்தீர்கள். நான் குசினியில் தோசை சுட்டுக்கொண்டு கேட்டேன். பெடியன் இல்லையடா, நான்தான். நீ எவ்வளவு வேகமாக ஓடுகிறாய் என்று உளவு பார்க்கத்தான் சேர்ந்தேன். பிறகு எனக்கே பிடித்துப் போய்விட்டது. மழைக்குள் பிரேக்கை எப்படிப் பிடிப்பது, டயரில் காற்று குறைந்தால் எப்படித் தெரியும் என்றெல்லாம் அங்கே வாசித்துத்தான் என் ஸ்கூட்டியைக் கவனித்துக்கொள்கிறேன். கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போய்வரும் மிட்வைஃப் வேலைக்கு உன் குழு எவ்வளவு உதவியிருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

ஆகவே அந்த வாரம் அங்கே நடந்ததை எல்லாம் நானும் பார்த்தேன். ரூபனின் செத்தவீடு முடிவதற்கு முன்பே யாரோ அவனுடைய பைக் றோட்டில் கிடந்த படத்தைப் போட்டார்கள். அதன் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. அந்தக் கைகளுக்கு நடுவில் ஒருவர், "வெறியிலை ஓடியிருப்பான்" என்று எழுதினார். லண்டனில் இருந்து ஒருவர் ஹெல்மெட் போடுவதைப் பற்றி நீண்ட வகுப்பு எடுத்தார். ரூபன் ஹெல்மெட் போட்டிருந்தான், குடியை வாயில் வைத்ததே இல்லை. நீ அப்போது அவன் வீட்டு முற்றத்தில் கதிரை இறக்கிக்கொண்டு நின்றாய். போனைப் பார்த்ததும் உன் முகம் மாறியதைக் கண்டேன். நின்ற இடத்தில் நின்றே எல்லாவற்றையும் அழித்தாய். இறந்தவரைப் பற்றியோ விபத்தைப் பற்றியோ இங்கே இனி எவரும் கதைக்கக் கூடாது, மீறினால் நீக்கப்படுவீர்கள் என்று எழுதிப் பூட்டினாய். அன்றைக்கு உன்னை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் படத்தையும் அந்த வாய்களையும் அழித்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் அதே சூட்டோடு நீ இன்னொன்றையும் அழித்தாய். பண்டத்தரிப்பில் தோட்டம் செய்யும் ஒருவர் எழுதியது அது. கத்தரிக்காய் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியமுன் சந்தைக்குப் போகும் படத்தை ஒருமுறை போட்டவர், உனக்கும் ஞாபகம் இருக்கும். "அட்மின், என்னட்டையும் உதே பைக்தான் நிக்குது. சின்னப் பிள்ளையள் இருக்கினம். குறை பிடிக்கக் கேக்கேல்லை. என்ன நடந்ததெண்டு சொன்னால் நானும் கவனமாயிருப்பன்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். அதை அழித்தாய். சில மாதம் கழித்து மறுபடி கேட்டார், அதையும் அழித்தாய். இப்போது அவர் குழுவிலேயே இல்லை. அந்த மனிதரின் முகத்தைக்கூட நான் நேரில் கண்டதில்லை. ஆனாலும் பண்டத்தரிப்புப் பக்கம் விபத்து என்று பேப்பரில் கண்டால், பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கீழே வைக்கிறேன்.

நீ பூட்டியதால் கதை நின்றுவிட்டது என்றும் நினைக்காதே. அது உன் குழுவை விட்டு வெளியே போனது, அவ்வளவுதான். தேத்தண்ணிக் கடையிலும் சலூனிலும் உன்னால் எதையும் அழிக்க முடியாதே. கிளினிக்குக்கு வந்த ஒரு பெண் ரூபன் யாரென்று தெரியாமலே, குடித்துவிட்டு ஓடி வல்லையில் செத்த பெடியன் என்று என்னிடமே சொன்னாள். நடந்ததைச் சொல்ல யாரும் இல்லாததால், நடக்காதது இன்னும் உலாவிக்கொண்டு திரிகிறது.

நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அன்று பின்னேரம் நீங்கள் இருவரும் நெல்லியடியில் இருந்து வரும் வழியில், குழுவில் போடுவதற்கென்று வல்லை வெளியில் நிறுத்திப் படம் எடுத்தீர்கள். அந்த வெளியில் ஒரு வீடும் இல்லை, ஒரு மரமும் இல்லை. காற்று அடித்தால் பக்கத்தில் நிற்பவர் சொல்வதும் காதில் விழாது. பொழுது படுகிறது என்று ரூபன் முதலில் பைக்கை எடுத்தான். பைக்கைச் சாய்த்து நிறுத்தியிருந்த சைட் ஸ்டாண்டை மடக்க மறந்துவிட்டான். ஸ்டாண்ட் கீழே இருந்தால் எஞ்சின் ஓடாதபடி அந்த பைக்கில் ஒரு சுவிட்ச் இருந்ததாம். அது அடிக்கடி கோளாறு செய்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு வயரை நேரே பூட்டி வைத்திருந்தான். நீ பின்னால் நின்று கண்டாய், கத்தினாய், அவனுக்குக் கேட்கவில்லை. விரட்டிக்கொண்டு போய் இரண்டு தரம் ஹோன் அடித்தாய். உங்கள் பெடியளுக்குள் இரண்டு ஹோன் என்றால் "நான் வாறன், ஓடு பாப்பம்" என்று அர்த்தம். அவன் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்திக் காட்டிவிட்டு அக்சிலேட்டரை முறுக்கினான். நீ மறுபடி அடித்தாய், அவன் இன்னும் முறுக்கினான். அடுத்தது இடப்பக்க வளைவு. அவன் இடப்பக்கம் சரித்துத் திருப்ப, கீழே நின்ற ஸ்டாண்ட் தாரில் குத்தியது.

இதை நீ என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய். "ஸ்டாண்ட் எடுக்க மறந்து செத்தவன் எண்டு சனம் சிரிக்கும் அம்மா. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். கொடுத்தேன். உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. என் வாயைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை வவுனியாவில் இருந்து ரூபனின் தங்கை எனக்குக் கோல் எடுத்தாள். "அன்ரி, அம்மா போன் எடுக்கிறாவில்லை, ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றாள். போனேன். தேவி அக்கா நன்றாகத்தான் இருந்தார், அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். போன் அலுமாரிக்குள் ஒரு துணியில் சுற்றியபடி கிடந்தது, நிப்பாட்டி வைத்திருந்தார். பிள்ளை அங்கே தவிக்கிறாளே, ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன்.

"நான் இனி ஒருத்தருக்கும் கோல் எடுக்கிறேல்லை" என்றார். "ஆர் எந்த றோட்டிலை நிக்கினமோ ஆருக்குத் தெரியும். அண்டைக்கும் நான்தான் எடுத்தனான். வரேக்கை பாண் வாங்கிக்கொண்டு வா எண்டு சொல்ல எடுத்தன். அவன் எடுக்கேல்லை. பொறுத்திருக்கலாம். நான் திருப்பியும் எடுத்தன். அந்த நேரந்தான் நடந்திருக்கு. பாணுக்காக என்ரை பிள்ளையைக் குடுத்திட்டன்."

"அதாலை இல்லை அக்கா" என்றேன்.

"உமக்கு எப்பிடித் தெரியும்? நீர் நிண்டனீரோ?"

எனக்கு வாய் வரை வந்தது, தம்பி. உனக்குக் கொடுத்த சத்தியத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

"நிண்டவன் உம்மடை மகன். அவனுக்குத் தெரியும். அதுதான் அவன் இந்தப் பக்கம் வாறேல்லை. செத்தவீட்டிலை எல்லா வேலையும் செய்தான், என்ரை முகத்தை மட்டும் பாக்கேல்லை. அவனுக்கு என்னிலை கோவம். கோவம் வரத்தானே வேணும்."

ரூபனின் போன் அவனுடைய முதுகுப் பைக்குள் சிப் இழுத்துப் பூட்டியபடி கிடந்தது. படம் எடுத்து எடுத்து உன் போனில் சார்ஜ் போயிருந்ததால், அந்தச் சிப்பை இழுத்துத் திறந்து அவன் போனில் அம்புலன்சுக்கு அடித்தவன் நீ. அவர் எடுத்த கோல் அவன் காதில் விழுந்தே இருக்காது என்பது உனக்குத் தெரியும். ஒரு வருடமாக அந்த மனுசி பாண் வாங்குவதில்லை. நீ ரூபனின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று வாயைப் பூட்டினாய், அந்தப் பூட்டுக்குள் அவர் அகப்பட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அப்பா வெங்காயமா என்று கேட்டார், ஓம் என்றேன்.

நீ பார்த்திராத உன் மாமாவைப் பற்றி, என் அண்ணையைப் பற்றி, உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. கடலில் போனவர் என்று மட்டும் சொல்லியிருப்பேன். எங்கள் தொண்டைமானாற்றுக் கரையில் ஒருவர் கடலில் போனால் செத்தவீடு முடியும்வரை ஒருவரும் தொழிலுக்கு இறங்கமாட்டார்கள். வள்ளங்கள் எல்லாம் மணலில் கிடக்கும். ஆண்கள் வலை வைக்கும் வாடிக்குள் கூடி இருப்பார்கள். சும்மா இருந்து துக்கம் காக்கிறார்கள் என்றுதான் வெளியில் இருப்பவர் நினைப்பார். துக்கம்தான், ஆனால் உள்ளே கதை நடக்கும். காற்று எந்தப் பக்கம் இருந்தது, நீரோட்டம் எப்படி, யார் எந்தப் பக்கம் நின்றான், கையில் என்ன இருந்தது என்று ஒன்று விடாமல் கதைப்பார்கள்.

அண்ணை போன அன்று வள்ளத்தில் கூட நின்றவர் எங்கள் ஐயாதான், பெற்ற தகப்பன். அவர் கரைக்கு வந்து வாடிக்குப் போகவில்லை. ஈரச் சாரத்தோடு நேரே வீட்டுக்கு வந்தார். அம்மாவை இருத்தி, முன்னால் தானும் இருந்து, எல்லாவற்றையும் சொன்னார். "வலைக் கயித்தைக் கையிலை சுத்திப் பிடிச்சிட்டான். நான் கண்டனான். விடடா எண்டு சொல்ல முந்தி இழுத்திட்டுது." அம்மா அவரை அடித்தார், நெஞ்சிலும் தோளிலும் அடித்தார். ஐயா அசையாமல் இருந்தார். அடித்து முடிந்த பிறகு அம்மாதான் அவருக்குத் துவாய் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் ஐயா வாடிக்குப் போனார். நான் தேத்தண்ணிக் கேத்தலோடு அங்கே போனபோது எல்லோரும் கப்பென்று கதையை நிறுத்தினார்கள். ஐயா சொன்னார், "கதையுங்கோ. அவளின்ரை அண்ணைதானே, அவளும் கேக்கட்டும்." அவர் கயிற்றைப் பற்றிச் சொல்லி முடித்தார். மூலையில் இருந்த ஒருவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு, "நானும் சுத்திறனான்" என்றார். பக்கத்தில் இருந்தவர் "நானுந்தான்" என்றார். இப்படியே அந்த வாடி முழுக்க நானும் நானும் என்று வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கரையில் எவனாவது கயிற்றைக் கையில் சுற்றினால், அடுத்த வள்ளத்தில் நிற்பவன் அங்கிருந்தே கத்துவான்.

இதை நான் பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். செத்தவரைப் பற்றிக் கதைக்கலாமா கூடாதா என்று, நீ பூட்டிய பிறகும் உங்கள் குழுவில் சண்டை ஓயவில்லை. கதைப்பதே மரியாதைக் குறைவு என்கிறது ஒரு பக்கம், எல்லாவற்றையும் படத்தோடு போடு என்கிறது மறுபக்கம். ஐயா கதைத்தார். ஆனால் முதலில் வீட்டில் கதைத்தார், பிறகு வாடியில் கதைத்தார், தெருவில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்டவர் கண்டதைச் சொன்னார், காணாதவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் குழுவில் நடந்ததோ தலைகீழ். ஒன்றும் காணாதவர்கள் எல்லாம் எழுதினார்கள், கண்டவன் வாயை மூடிக்கொண்டான். பெற்றவளுக்கு நடந்தது தெரியுமுன் தெருவுக்குப் படம் போய்விட்டது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. வாடிக்குள் நான் நுழைந்ததை அவர்கள் கண்டார்கள், குரலைத் தணித்தார்கள். போனுக்குள் யார் கேத்தலோடு நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு செம்பரத்தம்பூவுக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கலாம். தேவி அக்கா வாசித்தால் தாங்குவாரா என்று பார்த்து எழுதினால் போதும், உனக்கு வேறு சட்டம் தேவையில்லை. அந்தப் படத்தை அவர் தாங்கமாட்டார், வெறி என்ற சொல்லைத் தாங்கமாட்டார். உண்மையைத் தாங்குவார். அதைவிடக் கனமான பொய்யை ஒரு வருடமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டுதானே இருக்கிறார்.

ரூபனைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்கிறாய். யார் சிரிப்பார்கள் என்று எனக்குக் காட்டு. மூன்று பிரசவ வீடு போய்வந்த களைப்பில் எத்தனையோ தரம் நான் ஸ்டாண்டோடு போயிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் "மிஸ், ஸ்டாண்ட், ஸ்டாண்ட்" என்று கத்திக் கையைக் கீழே காட்டியிருக்கிறார்கள். போன கிழமைகூட மீன் பெட்டியோடு சைக்கிளில் வந்த ஒருவர், என்னைப் பிடிக்க முடியாமல், எதிரே வந்த ஓட்டோக்காரனிடம் கத்தி அவன் மூலம் என்னை நிறுத்தினார். நம் றோட்டுகளில் ஒருவருக்கொருவர் செய்யும் பெரிய உபகாரம் அதுதான். அதில் யாருக்கும் வெட்கமில்லை, மடக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். ரூபனுக்கு அன்று அந்த வெளியில் எதிரே ஓட்டோ வரவில்லை, அவ்வளவுதான்.

இனி எழுதப்போவது உனக்கு நோகும். எனக்கும் நோகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ மறைத்தது ரூபன் மறந்த ஸ்டாண்டை மட்டும் இல்லை. நீ அடித்த ஹோனையும்தான். அடிக்காமல் விட்டிருந்தால் அவன் மெதுவாகப் போயிருப்பானோ என்று நீ உன்னையே கேட்டுக் கேட்டு மெலிந்து போயிருக்கிறாய் என்பது வீடியோ கோலிலேயே எனக்குத் தெரிகிறது. என் பிள்ளை, நீ அவனைக் காப்பாற்றத்தான் அடித்தாய். பிழை உன் கையில் இல்லை. பந்தயத்துக்கு ஒரு ஹோன் வைத்திருந்தீர்கள், ஆபத்துக்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. அதை ஒருவரும் யோசிக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை, நானும் அதே குழுவில்தான் இருந்தேன். இன்றைக்கும் அந்தப் பெடியள் அதே இரண்டு ஹோனோடுதான் வல்லை வெளியில் ஓடுகிறார்கள். அதை மாற்றச் சொல்ல உலகத்தில் ஒரே ஒருவனால்தான் முடியும், அவன் கொழும்பில் லீவு இல்லை என்கிறான்.

உன் பைக் வீட்டோடு இறக்கிய சாய்ப்புக்குள் நிற்கிறது. அது வந்த நாள் முதல் திட்டித் தீர்த்த உன் அப்பாதான் இப்போது ஞாயிறு தோறும் மூடியிருக்கும் படங்கை எடுத்துத் துடைத்து, பற்றரி போய்விடும் என்று சொல்லி ஸ்டார்ட் செய்து பார்க்கிறார். நீ இனி ஓடவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, ஓடாதே என்றும் சொல்லவில்லை. அது உன் விருப்பம். வீட்டுக்கு வா என்பதுதான் என் கட்டளை. அதில் விருப்பம் கேட்கவில்லை.

திவசத்துக்கு முதல் நாள் வா. நேரே தேவி அக்கா வீட்டுக்குப் போ, நான் உன்னோடு வரமாட்டேன். அவரை இருத்தி, முன்னால் நீயும் இருந்து, முதலில் அந்தப் போன் எங்கே கிடந்தது என்பதைச் சொல். பிறகு ஸ்டாண்டைச் சொல், பிறகு ஹோனைச் சொல். அடித்தால் வாங்கிக்கொள். அடிப்பார் என்று நான் நினைக்கவில்லை, உனக்குச் சாப்பாடு போடுவார் என்றுதான் நினைக்கிறேன், அது அடியைவிடக் கஷ்டமாக இருக்கும், அதையும் வாங்கிக்கொள். குழுவில் எழுதலாமா என்று கேள். அவர் ஓம் என்றால் இந்தக் கடிதத்தையே போட்டாலும் எனக்குச் சம்மதம், பண்டத்தரிப்புக்காரரைத் தேடிப் பிடித்து வாசிக்கக் கொடு. அவர் வேண்டாம் என்றால் ரூபனின் பெயரை விட்டுவிட்டு ஹோனை மட்டும் எழுது.

எல்லாம் முடிந்ததும் எனக்கு நீ கோல் எடுக்காதே. அலுமாரிக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கும் அந்தப் போனை அவரையே எடுக்கச் சொல், அதிலிருந்து அவரையே எனக்கு அடிக்கச் சொல். நான் எந்த றோட்டில் நின்றாலும் ஓரம் கட்டி, ஸ்டாண்டைப் போட்டு நிறுத்திவிட்டு எடுப்பேன் என்று அவருக்குச் சொல்.

அம்மா